சின்ன மூக்கு

அவள் வேலை அக்குளை மோந்து பார்ப்பது. சுற்றி வளைத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது? வியர்வை நாற்றத்தை அடக்குகிற திரவம் தயாரிக்கும் கம்பெனி அது. திரவம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க மனித மூக்கை விட்டால் அவர்களுக்கு வேறு வழியில்லை. அதற்காக மூன்று பேரைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். பெரிய மூக்கு, நடு மூக்கு, சின்ன மூக்கு என்று ஆபீசில் பெயர். இவள் சின்ன மூக்கு. சொந்தக்காரர்கள் யாராவது கேட்டால் அவள் புருஷன், "தரக்கட்டுப்பாட்டுல இருக்கா" என்பான். எதன் தரம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவன் பேச்சை மாற்றியிருப்பான்.

சோதனை நாட்களில் காலையிலேயே ஆட்கள் வந்து சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். கொத்தனார், பஸ் டிரைவர், கடைச் சிப்பந்தி என்று எல்லா ரகமும் உண்டு. முந்தின நாள் அவர்கள் அக்குளில் திரவத்தைப் பூசி, குளிக்கக் கூடாது, வேறு எதையும் பூசக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். மறுநாள் வந்து கையைத் தூக்க வேண்டியதுதான் அவர்கள் பாடு. மூக்குகள் ஒவ்வொருவராகப் போய், அடியை வெட்டி எடுத்த பேப்பர் டம்ளரை அக்குளில் பொருத்தி, அதற்குள் மூக்கை விட்டு இழுக்க வேண்டும். பிறகு தன் முழங்கை மடிப்பை ஒரு தரம் மோந்து, கலங்கிப் போன மூக்கைத் தெளிய வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் மார்க். பூஜ்யம் என்றால் வாடையே இல்லை. பத்து என்றால் ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாம்.

இதில் ஒரு முறை வைத்திருந்தார்கள். மோப்பது சின்ன மூக்கில் தொடங்கிப் பெரிய மூக்கில் முடியும். மார்க் சொல்வது பெரிய மூக்கில் தொடங்கிச் சின்ன மூக்கில் முடியும். மரியாதைக்காக வைத்தார்களோ வேறு எதற்காக வைத்தார்களோ தெரியவில்லை. யாரும் அதை மாற்ற நினைக்கவில்லை. இந்தக் கதையில் நடந்த கூத்துக்கெல்லாம் அந்த முறைதான் காரணம்.

அருவருப்பெல்லாம் போகப் போகப் பழகிவிடும் என்று சேர்ந்த புதிதில் அவளிடம் சொன்னார்கள். சுத்தப் பொய். ஒன்றும் பழகவில்லை. ஈரத்தில் சுருண்டு ஒட்டிக்கிடக்கும் மயிர், அதன் நுனிகளில் திரவம் காய்ந்து வெள்ளை வெள்ளையாகக் கட்டியிருக்கும் பொருக்கு, டம்ளரைப் பொருத்தும்போது விரலில் படும் அந்த வெதுவெதுப்பு, எல்லாமே ஒவ்வொரு முறையும் அவளுக்கு முதல் முறைதான். ஒருவன் அக்குளில் அழுகின வெங்காயம் இருக்கும். இன்னொருவன் அக்குளில் பாலைச் சிந்தி வாரக்கணக்கில் துடைக்காமல் விட்ட வாடை இருக்கும். சிலரிடம் பூ வாசனைத் திரவம் மேலேயும் செத்த எலி கீழேயும் அடுக்கடுக்காக இருக்கும். அதுதான் இருப்பதிலேயே மோசம். அவள் முகம் தானாகவே சுளிக்கும், நாசி விடைக்கும், மேலுதடு ஒரு பக்கமாக ஏறிக்கொள்ளும். எவ்வளவு அடக்கினாலும் முகம் அவள் பேச்சைக் கேட்காது. இந்த வேலைக்கு இப்படி ஒரு முகம் இருப்பது பெரிய குறை என்று அவள் வெட்கப்பட்டாள்.

இந்த வெட்கம் பிறந்த வீட்டிலிருந்தே கூட வந்தது. பால் திரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் சொன்னால் அம்மா ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு? இவ ஒருத்திக்கு மட்டும் எங்கேருந்துதான் நாத்தம் வருதோ" என்பாள். சாயங்காலம் பால் திரிந்து போகும்போது, காலையில் யார் என்ன சொன்னார்கள் என்பது யாருக்கும் நினைவிருக்காது. கல்யாணமாகி வந்த வீட்டில் துண்டு. ஈரம் போகாமல் மடித்து வைத்த துண்டில் ஒரு வாடை வருமே, அது வருகிறது என்று அவள் சொன்னால் புருஷன் துண்டை முகத்தில் வைத்து நன்றாக மூச்சிழுத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று தோளில் போட்டுக்கொண்டு போவான். சுற்றியிருக்கிற அத்தனை பேரும் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றால் ஒரு மனுஷி எத்தனை நாள்தான் தன் மூக்கை நம்புவாள்? அவள் நம்புவதை விட்டுவிட்டாள். கம்பெனியில் குப்பிகளை மோந்து வாடை சொல்லச் சொல்லி வைத்த பரீட்சையில் தேறி வேலை கிடைத்ததைக்கூடக் குருட்டு அதிர்ஷ்டம் என்றே நினைத்தாள்.

ஆபீசில் அவள் நம்பியது பெரிய மூக்கை. ரிட்டயராகப் போகிற வயது, வெட்டி ஒதுக்கிய மீசை, அளந்து பேசுகிற பேச்சு. டம்ளரை அவர் பிடிக்கிற விதமே ஒரு வைத்தியர் நாடி பிடிப்பது போல இருக்கும். எவ்வளவு கோரமான அக்குளாக இருந்தாலும் முகத்தில் ஒரு கோடு மாறாது. நிதானமாக வந்து வரிசையில் நின்று, "ஆறு" என்பார். அவ்வளவுதான், அது ஆறு. அடுத்து நிற்கும் நடு மூக்கு எப்போதும் அரை மார்க் கூட்டியோ குறைத்தோ சொல்லுவான். "ஆறரை" என்பான், இல்லாவிட்டால் "அஞ்சரை" என்பான். தனக்கும் ஒரு சொந்த அபிப்பிராயம் உண்டு என்று காட்ட அந்த அரை மார்க் அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

அவளுக்கு அந்த அரை மார்க் தைரியம்கூடக் கிடையாது. மோந்ததும் மனசுக்குள் ஒரு மார்க் தோன்றும். பெரிய மூக்கு வாயைத் திறந்ததும் அது காணாமல் போய்விடும். அவர் சொன்னதையே அவளும் சொல்லுவாள். பல நாள் அவள் நினைத்ததும் அவர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது. அதுவும் அவளுக்குத் தெம்பு தரவில்லை. அவரோடு நின்று நின்று அவர் என்ன சொல்வார் என்று யூகிக்கப் பழகிவிட்டோம் போலிருக்கிறது, இதற்கு மூக்கு எதற்கு, என்றுதான் தன்னையே நொந்துகொண்டாள். வருஷக்கணக்காக ஒத்து ஊதிப் பிழைக்கிறோம் என்ற எண்ணம் தினமும் அவள் தொண்டையில் கசந்தது.

இந்த நிலையில்தான் மேலாளர் அம்மாள் அவளைக் கூப்பிட்டனுப்பினாள்.

"பெரியவர் மாசக் கடைசியில ரிட்டயர் ஆகறார். அவர் இடத்துக்கு உங்களைப் போடலாம்னு இருக்கேன். அவர் மார்க்கும் உங்க மார்க்கும் ஒரு தடவைகூட மாறினதே இல்ல. எனக்கு அது போதும்."

அந்தப் பாராட்டு அவள் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள். புதுத் திரவத்துக்குக் கடைசிச் சோதனை அந்த வாரத்தில் இருந்தது. அது முடிந்த அன்று பதில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. அவள் மறுத்தால் இடம் நடு மூக்குக்குப் போகும்.

"முடியாதுனு சொல்லப்போறேன்" என்றாள் புருஷனிடம்.

"ஏன்?"

"நான் முதல்ல ஒரு மார்க் சொல்லணும். அதை நம்பி ஒரு பொருள் வெளிய போகணும். என் மூக்கை நம்பியா?"

"ஊர்ல இருக்கிற துண்டையெல்லாம் நாறுதுங்கற மூக்குதானே அது?"

"அதான் சொல்றேன். ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் நாறுதுங்கற மூக்கு."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூக்கறுபட்டு வெளியே வருவதைவிட நாமே ஒதுங்கிக்கொள்வது மேல் என்று முடிவு செய்துகொண்டு படுத்தாள். பல்லும் வலிக்க ஆரம்பித்திருந்தது.

சோதனை நாள் காலையில் வலி தாங்கவில்லை. மேல்வரிசை முன்பற்கள் இரண்டில் சொத்தை. ஆபீஸ் போகிற வழியில் பல் டாக்டரிடம் போனாள். அவர் மேலுதட்டைத் தூக்கி இரண்டு பக்கமும் ஊசி போட்டு, சொத்தையைச் சுரண்டி அடைத்து அனுப்பினார். மருந்துத் தண்ணீர் வாடை மூக்கைக் கெடுக்கும், பச்சைத் தண்ணீரில்தான் கொப்பளிப்பேன் என்று அவள் அடம்பிடித்தாள். பல் வைத்தியம் பார்த்துக்கொண்ட நாளில் மூக்குகள் வேலைக்கு வரக் கூடாது என்று விதி இருந்தது. ஆனால் மூன்று பேர் இல்லாமல் சோதனை நடக்காது. கடைசிச் சோதனை நின்று போனால் அந்தப் பழியும் தன் தலையில் விழும் என்று பயந்து, வாயைத் திறக்காமல் போய் நின்றாள். கன்னம், மேலுதடு, மூக்கோரம் எல்லாம் மரத்துக் கிடந்தன.

முதல் ஆள் கொத்தனார். அவருடைய அக்குள் அங்கே பிரசித்தம். அதை அடக்குகிற திரவம் எதையும் அடக்கும் என்று அவரைத் தேடிப் பிடித்து வைத்திருந்தார்கள். அவள் டம்ளரைப் பொருத்தி மூச்சிழுத்தாள். திரவமாவது மண்ணாவது! மூட்டை கட்டி வைத்த ஈரத் துணியும் அழுகின வெங்காயமும் ஒன்றாகக் கலந்து, அதன் மேல் ஏதோ ஒரு பூவைப் பிழிந்து விட்டிருந்தது போல இருந்தது. எட்டு என்று தோன்றியது. முழங்கையை மோந்துகொண்டு வரிசைக்கு வந்தாள். நடு மூக்கு போய்க் கண்ணை மூடி மோந்துவிட்டு வந்தான். பெரிய மூக்கு போய் நிதானமாகக் குனிந்து நிமிர்ந்து வந்து நின்றார். கொஞ்சம் தயங்கின மாதிரி இருந்தது.

"ரெண்டு" என்றார்.

மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மேலாளர் அம்மாளின் முகம் மலர்ந்தது. பேனா குதித்து ஓடியது.

"ரெண்டரை" என்றான் நடு மூக்கு.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரெண்டா? வாய் என்னவோ பழக்கத்தை விடவில்லை. "ரெண்டு" என்றது.

"ரெண்டா?" என்று கையைத் தூக்கியபடியே கேட்டார் கொத்தனார். "எனக்கே தாங்கல சார். நேத்து என் பொண்டாட்டி என்னை வராந்தாவுல படுக்கச் சொல்லிட்டா."

"நீங்க பேசக் கூடாது" என்றாள் மேலாளர் அம்மாள்.

ஊசி மூக்கையும் சேர்த்துக் கெடுத்துவிட்டதோ? சின்ன மூக்கு முழங்கை மடிப்பை மறுபடி மோந்தாள். பருத்தித் துணி, வாசனையில்லாத சோப்பு, தன் வாயிலிருந்து துளி ரத்தம். மேஜைப் பக்கமிருந்து காபி குடித்த வாயின் வாடைகூட வந்தது. மூக்கு உயிரோடுதான் இருந்தது. அப்படியானால் எட்டு எப்படி ரெண்டாகும்? எதிரே நின்ற இரும்பு அலமாரியின் பளபளப்பான கதவில் தன் முகத்தைப் பார்த்தாள். பூசி மெழுகின சுவர் மாதிரி இருந்தது. கொத்தனாருடைய அக்குளுக்குள் போய் வந்ததற்கு அந்த முகத்தில் ஒரு அடையாளமும் இல்லை.

அடுத்தவர் பஸ் டிரைவர். அவருடையது சுமார், மூன்று இருக்கலாம். மோந்துவிட்டு வந்து நின்ற அவள் இந்த முறை பெரிய மூக்கையே பார்த்தாள். அவர் குனிந்தார். மூக்கு டம்ளருக்குள் போனது. நெஞ்சு ஏறவில்லை. மூச்சிழுக்கிற மனிதனின் நெஞ்சு ஏற வேண்டாமா? டம்ளருக்கு மேலாக அவர் கண்கள் நிமிர்ந்து, அவள் முகத்தில் எதையோ தேடின. காணாமல் போன சாவியை மேஜை மேல் தேடுவது போலத் தேடின.

"ரெண்டு" என்றார், இந்த முறையும்.

அவளுக்கு ஒரு விபரீதமான யோசனை வந்தது. மூன்றாவது ஆள் துணிக்கடைச் சிப்பந்தி, ஒடிசலான இளைஞன். அவன் அக்குளில் ஒன்றுமே இல்லை. கழுவி வைத்த பீங்கான் தட்டு மாதிரி இருந்தது. அவள் டம்ளரிலிருந்து மூக்கை எடுத்ததும் புருவத்தை நெரித்தாள். தோளைக் குலுக்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தொண்டையிலிருந்து ஒரு ஓங்கரிப்பை வரவழைத்து, பாதியில் விழுங்கினாள். மரத்துப்போன முகத்தால் ஆகாததையெல்லாம் உடம்பால் செய்து காட்டினாள். பெரிய மூக்கு பேருக்குக் குனிந்து நிமிர்ந்தார். குரலில் பழைய கம்பீரம் திரும்பியிருந்தது.

"ஏழு."

"ஆறரை" என்றான் நடு மூக்கு, யோசிப்பவன் போல.

பாவம், அந்தப் பையன் முகம் சிவந்து போயிற்று. சட்டையை எடுத்து மார்பை மறைத்துக்கொண்டான். அவள் அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "ஏழு" என்றாள். சொன்ன மாத்திரத்தில் தன் வாயே தனக்கு நாறியது. மூன்று பேர் வரிசையாக நின்றுகொண்டு, ஒரு சுத்தமான மனிதனை நாறுகிறான் என்று கூசாமல் சொல்லிவிட்டோமே என்று உடம்பெல்லாம் கூசியது. எத்தனையோ அக்குள்களில் மூக்கை விட்டிருக்கிறாள். இவ்வளவு அருவருப்பு ஒன்றிலும் வந்ததில்லை.

சோதனை முடிந்ததும் பின்பக்க மாடிப்படிக்குப் போனாள். உபயோகித்த டம்ளர்களைப் போடுகிற தொட்டி அங்கே இருந்தது. பெரிய மூக்கு தன் டம்ளர்களை எடுத்துக்கொண்டு வந்தார். கனமான எதையோ இறக்கி வைப்பவர் போல அவற்றைப் போட்டார்.

"சார், உங்களுக்கு வாடை தெரியல" என்றாள் அவள். உதடு மரத்திருந்ததால் வார்த்தை கொழகொழவென்று வந்தது.

அவர் படியின் மேலேயும் கீழேயும் பார்த்தார். "மெதுவா பேசும்மா."

"மெதுவா பேசினா வாடை தெரிஞ்சிடுமா?"

அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். ஒரு காய்ச்சல் வந்ததாம். காய்ச்சல் போயிற்று, போகும்போது வாசனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். "வேலைய விட்டுடலாம்னுதான் இருந்தேன். அந்த வாரம்தான் நீ வந்து சேந்த. முதல் நாள் மோந்து பாத்துட்டு வந்து நின்னியே, உன் மூஞ்சியில அப்படியே எழுதி ஒட்டின மாதிரி இருந்துச்சும்மா. இது நாலு, இது ஏழுனு. நான் படிச்சேன். அவ்வளவுதான்."

"இத்தனை வருஷமுமா?"

"நீயும் தினம் அதே மார்க்கைச் சொல்லுவ. சரியாத்தான் படிச்சிருக்கோம்னு எனக்கு ஒரு நிம்மதி."

"நான் நீங்க சொன்னதைக் கேட்டு சொன்னேன் சார்."

அவர் புரியாமல் விழித்தார். பிறகு புரிந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேறு யாராவது இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது வாந்திதான் வரும் போலிருந்தது. நாடி பிடிக்கிற அந்த நிதானம், ஒரு கோடு மாறாத அந்த முகம், எல்லாம் வெறும் தோல். அதைப் போய்க் கும்பிட்டுக்கொண்டிருந்தோமே! அவர் மேல் வந்த அருவருப்பில் பாதிக்கு மேல் அவள் மேலேயே திரும்பி வந்து விழுந்தது. அவராவது வாடை தெரியாமல் பார்த்து எழுதினார். தெரிந்தும் பார்த்து எழுதியது யார்?

"மாசக் கடைசி வரைக்கும்தான்" என்றார் அவர். "நான் போயிடுவேன். அந்த இடம் உனக்கு வந்துடும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல. இன்னிக்கு உன் மூஞ்சிக்கு என்ன ஆச்சுனு தெரியல, அதனால கொஞ்சம் தடுமாறிட்டேன். கொத்தனாருக்கு எவ்வளவும்மா?"

"எட்டு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு குரலை இன்னும் தாழ்த்தி, "ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நெனைக்காத. என் மேல நாத்தம் அடிக்குதா? வீட்ல கேட்டா இல்லைங்கறாங்க. ஆனா பேரப்பிள்ளை மடியில உக்கார மாட்டேங்குது. நானும் மூணு வேளை குளிக்கிறேன். எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பெரிய மனிதரிடம் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். அவள் ஒரு படி இறங்கி அவர் பக்கத்தில் போனாள். வேலையில் செய்வது போலவே மூச்சிழுத்தாள், முழங்கையை மோந்துகொண்டாள், மறுபடி இழுத்தாள். எதிரே பார்த்துச் சொல்ல ஒரு முகம் இல்லை. கேட்டுச் சொல்ல ஒரு குரல் இல்லை. ஆனாலும் எண் தானாக வந்து நாக்கில் நின்றது.

"ஆறு" என்றாள். "உடம்பு இல்ல சார், சட்டை. சரியா காயறதுக்குள்ள மடிச்சு வச்சிடறீங்க. மூணு வேளை குளிச்சு அந்தச் சட்டையவே போட்டா எப்படிப் போகும்?"

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "எப்பலேருந்து?"

"நான் சேந்த அன்னிக்கே வந்துச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"இவ்வளவு பெரிய மூக்குக்குத் தன் சட்டை நாறுறது தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன். உங்களுக்கே தெரியலைனா அது என் மூக்கோட கோளாறுனு முடிவு பண்ணிட்டேன்."

சொல்லி முடித்தபோதுதான் அவளுக்கே அது உறைத்தது. பால், துண்டு, சட்டை. வாழ்நாள் முழுக்க வாடை இருந்த இடத்தில்தான் வாடை வருகிறது என்று சொல்லியிருக்கிறாள். கோளாறு மூக்கில் இல்லை. யாராவது ஒருவர் ஆமாம் என்று சொல்லட்டும் என்று காத்துக்கிடந்ததில் இருந்தது.

நேராக மேலாளர் அம்மாளிடம் போனாள்.

"மேடம், காலைல பல்லுக்கு ஊசி போட்டுட்டு வந்தேன். விதிப்படி இன்னிக்கு நான் மார்க் போட்டிருக்கக் கூடாது. சோதனை செல்லாது."

மேலாளர் அம்மாளின் கையில் கொத்தனாரின் ரெண்டு இருந்தது. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசே வரவில்லை. "விளையாடறீங்களா? மேலிடத்துக்குச் சொல்லியாச்சு, பிரமாதமா வந்திருக்குனு."

"சொல்லியிருக்கலாம். ஆனா செல்லாது. ஆட்களைக் குளிக்கச் சொல்லி மறுபடி பூசி அனுப்புங்க. நாளைக்கு வெச்சுக்கலாம்."

"அந்த இன்னொரு விஷயம்? இன்னிக்கு பதில் சொல்றேன்னீங்களே."

"நாளைக்கு முதல் மார்க் நான் சொல்றேன் மேடம். அதைக் கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

இதையும் அவளேதான் சொன்னாளா என்று வெளியே வந்த பிறகு அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் கொடியில் கிடந்த துண்டை எடுத்து, யாரையும் கேட்காமல் வாளியில் போட்டாள். "அது நல்ல துண்டு" என்றான் புருஷன். "நாறுது" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லாதது போல அடுத்த வேலையைப் பார்த்தாள்.

மறுநாள் முகத்துக்கு உயிர் வந்திருந்தது. கொத்தனார் கையைத் தூக்கினார். அதே வெங்காயம், அதே ஈர மூட்டை, மேலே அதே பூ. அவள் முகம் கோணிக்கொண்டு போயிற்று, உதடு ஏறிற்று, கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் அடக்கவில்லை. ஆனால் வரிசைக்குத் திரும்பாமல், மற்ற இருவருக்கும் முதுகைக் காட்டியபடி நேராக மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். நடு மூக்கு மோந்துவிட்டு வந்தான். பெரிய மூக்கு போய்க் குனிந்தார். அவர் நிமிர்வதற்குள் அவள் வாயைத் திறந்தாள்.

"எட்டு."

"அப்படிச் சொல்லு தாயி" என்றார் கொத்தனார், நியாயம் கிடைத்தவர் போல.

மேலாளர் அம்மாளின் பேனா அந்தரத்தில் நின்றது. "எட்டா? நிச்சயமா? யோசிச்சு சொல்லுங்க. எட்டுனா இந்தத் திரவத்தை வெளிய விட முடியாது."

"வேணும்னா நீங்களே வந்து மோந்து பாருங்க மேடம்."

மேலாளர் அம்மாள் நாற்காலியை விட்டு அசையவில்லை. "எட்டரை" என்றான் நடு மூக்கு, யாரும் கேட்பதற்கு முன்பே.

பெரிய மூக்கின் முறை வந்தது. அவர் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அன்று அவர் சட்டை வெயிலில் நன்றாகக் காய்ந்திருந்தது. எட்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாசக் கடைசியில் மாலை போட்டு வழியனுப்புவார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் தன் முகம் அவருக்கு எதையாவது சொல்லிவிடும் என்று பயந்தாள்.

"எனக்குத் தெரியல மேடம்" என்றார் அவர். "எனக்கு வாடையே தெரியாது. ரொம்ப வருஷமா."

நடு மூக்கு தரையைப் பார்த்தான். கொத்தனார் மெல்லக் கையை இறக்கினார். மேலாளர் அம்மாள் மெல்ல எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்ப இத்தனை வருஷம் நாம வெளிய விட்டது, நிறுத்தினது எல்லாம்? கேஸ் ஒண்ணுகூட வரலையே. ஒரு தடவைகூட நம்ம மார்க் தப்பினதில்லையே. அதெல்லாம் யாரோட மார்க்?"

பதில் சொன்னால் அந்த வருஷங்களில் தான் ஒத்து ஊதிக்கொண்டு நின்றதும் சேர்ந்து வெளியே வரும். சின்ன மூக்கு அதையும் யோசித்தாள்.

"என்னோடது" என்றாள்.

மேலாளர் அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உட்கார்ந்து, கொத்தனார் பெயருக்கு நேராக எட்டு என்று எழுதினாள்.

பஸ் டிரைவர் கையைத் தூக்கினார். அவள் புது டம்ளர் ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். வெதுவெதுப்பு விரலில் பட்டது. குமட்டியது. நன்றாக மூச்சிழுத்தாள், முழங்கையை மோந்துகொண்டாள், யாரையும் திரும்பிப் பார்க்காமல் "மூணு" என்றாள்.